வட்டியைத் தள்ளும் வே!

டில்லியில் பலவிதமான பைத்தியங்களை நான் பார்த்திருக்கிறேன். தலைநகரம் அல்லவா, அந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் கம்பெனி நஷ்டப்பட்ட வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டும், லாபம் வந்த வருஷம் இழவு வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டும் திரிந்த பிறவி, இந்தியா முழுவதிலும் எங்கள் ஆபரேட்டிங் அண்ணாச்சி ஒருவர்தான்.

எங்களுடையது சுரங்கம் தோண்டும் ஒரு சர்க்கார் கம்பெனியின் தலைமை அலுவலகம். பெயர் வேண்டாம், சம்பளம் கொடுத்த இடம். தலையில் விளக்கு கட்டிய ஆட்களைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தலைமை அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தோண்டப்பட்டது காது மட்டுமே. நிஜச் சுரங்கங்கள் இரண்டு. ஒன்று கிழக்கே, காட்டுக்குள். இன்னொன்று மேற்கே, பாலைவனத்தை ஒட்டி. கிழக்குச் சுரங்கம், மேற்குச் சுரங்கம் என்றே சொல்லுவோம்.

அண்ணாச்சி கணக்குப் பிரிவின் பெரிய அதிகாரி. மத்திய அரசின் கணக்கு இலாகாவிலிருந்து கம்பெனிக்கு இரவல் வந்தவர். திருநெல்வேலிக்காரர். குள்ள உருவம், மே மாதத்திலும் கழற்றாத அரைக்கை ஸ்வெட்டர், அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் மறுப்பாக ஆட ஆரம்பித்துவிடும் தலை. எழுபதுகளின் கடைசியில் நான் அவருக்குக் கீழே சேர்ந்தேன். முனிர்காவில் ஓர் அறையில் குடியிருந்தேன். அடுத்த அறையில் வீட்டுக்காரரின் எருமைகள் இருந்தன. வீட்டுக்காரர் அவைகளிடம் காட்டிய மரியாதையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. அங்கிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் பிடித்து, லக்ஷ்மிபாய் நகரில் அண்ணாச்சியின் குவார்ட்டர்ஸுக்குப் போய் அவர் மனைவி, எங்கள் மதினி, கையால் சாப்பிடுவது என் வழக்கம். சாப்பாட்டுக்கு விலை உண்டு. அண்ணாச்சியின் பேச்சைக் கேட்க வேண்டும்.

பேச்சு ஒன்றேதான். சுரங்கத்தில் தோண்டின தாதுவை விற்றால் என்ன கிடைக்கிறது? அதிலிருந்து தோண்டின செலவை, அதாவது கூலி, வெடிமருந்து, மின்சாரம், லாரி வாடகை இவற்றைக் கழி. மிஞ்சுவதுதான் ஆபரேட்டிங் லாபம். ஒரு சுரங்கம் உருப்படியா இல்லையா என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கடனுக்குக் கட்டிய வட்டி, வரி, பழைய சாமான் விற்று வந்த காசு, பாங்கில் போட்டு வைத்ததற்கு வந்த வட்டி இதெல்லாம் சுரங்கத்தின் குற்றமும் அல்ல, பெருமையும் அல்ல. இவ்வளவுதான் வேதம். மற்றவர்கள் இதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். அண்ணாச்சி இதைச் சொல்வதற்காகவே பிறவி எடுத்திருந்தார்.

"கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறதே அண்ணாச்சி" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

"என்னவே நஷ்டம்? எவன் சொன்னான்? வட்டியத் தள்ளும் வே! வட்டியத் தள்ளிட்டுப் பாரும்!"

சர்தார்ஜிகளும் பெங்காலிகளும் 'ஆபரேட்டிங் சாப்' என்றார்கள். எங்களுக்கு ஆபரேட்டிங் அண்ணாச்சி. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இந்தப் பெயரால் ஒரு விபரீதம். லக்ஷ்மிபாய் நகரில் புதிதாகக் குடி வந்த ஒரு பஞ்சாபி அம்மாள், எல்லோரும் இவரை ஆபரேட்டிங், ஆபரேட்டிங் என்பதைக் கேட்டு, பெரிய சர்ஜன் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு ஞாயிறு காலை தன் மாமியாரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தி, "டாக்டர் சாப், இவங்களுக்குத் தொண்டையில் கட்டி, ஜல்தி பாருங்க" என்றாள். மாமியாரும் அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்து ஆவென்று வாயைத் திறந்துவிட்டாள். வேறு மனிதராக இருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார். அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் ஆபரேட்டிங் லாபம் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். கிழவி வாயை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மருமகள்தான், "அச்சா, அப்போ ஆபரேஷன் வேண்டாம் என்கிறீர்கள்" என்று திருப்தியோடு கூட்டிப் போனாள்.

கொள்கையில் ஓர் ஓட்டை இருந்தது. யந்திரம் தேயுமே, அந்தத் தேய்மானத்தைச் செலவில் சேர்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன்.

"தேய்மானம்ங்கது கணக்குப்பிள்ளை எழுதுத கதைவே. கையிலருந்து காசு போகுதா? போகலேல்லா?"

இதே நியாயத்தைத் தன் ஸ்கூட்டருக்கும் வைத்திருந்தார். பெட்ரோல் மட்டும்தான் செலவு. ஆகவே பஸ்ஸை விட லாபம். பிரேக் கட்டை தேய்வது கணக்குப்பிள்ளையின் கதை. ஒருநாள் என்னையும் பின்னால் உட்காரவைத்துச் சாணக்யபுரி வழியாகப் போனார். சரிவான சாலை. முன்னால் ஒரு தூதரகத்தின் வாசல். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். கதை என்று அவர் சொன்னது உண்மைதான், அங்கே பிரேக் என்று ஒன்றுமே இல்லை. "ஹட்டோ பையா! ஹட்டோ!" என்று வழி கேட்டு அலறிக்கொண்டே, விசா வாங்க நின்ற வரிசையைப் பிளந்து, பூந்தொட்டிகளைக் கவிழ்த்து, அந்நிய மண்ணில் போய் விழுந்தோம். துப்பாக்கியோடு ஓடி வந்த காவலனிடம், மண்ணில் கிடந்தபடியே அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டில் மதினி அவர் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கட்டுன சேலை கிழிஞ்சா வேற வாங்கணுமா வேண்டாமா? அது செலவு இல்லேன்னா நான் எதைக் கட்டுதது? இது தெரியாமத்தான் ஒங்களுக்கு ஆபீஸ்ல நாற்காலி போட்டுக் கொடுத்திருக்காவளா?"

அண்ணாச்சி பற்றுப் போட்ட முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரிவே. தேய்மானத்தையும் கழிச்சுக்கிடுவோம். ஆனா வட்டிய மட்டும் விடமாட்டேன்." அவருடைய வாழ்க்கையில் அவர் தோற்றதாக ஒப்புக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அடுத்தது லட்டு விவகாரம். ஒரு வருஷம் கம்பெனி முதல் தடவையாக லாபம் காட்டியது. எங்கள் சேர்மன் இதற்காகவே காத்திருந்தவர். கிழக்குச் சுரங்கம் அவருடைய செல்லப்பிள்ளை. அங்கே துருப்பிடித்துக் கிடந்த பழைய யந்திரங்களை எல்லாம் விற்று, பாங்கில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியையும் அதன் பேரில் சேர்த்து, 'கிழக்குச் சுரங்கத்தின் சாதனை' என்று அறிவித்துவிட்டார். ஹாலில் கூட்டம், மாலை, பிரசங்கம். ஒவ்வொருவருக்கும் நெய் சொட்டும் லட்டு. சேர்மனே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். அண்ணாச்சி முன்னால் நீட்டினார்.

அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நமக்கு வேண்டாம். பழைய இரும்பைப் போட்டு வந்த லாபத்துக்கு எதுக்குவே லட்டு? பேரீச்சம்பழம்லா கொடுக்கணும்!"

தமிழ் தெரிந்த நாங்கள் நாலைந்து பேர் புரைக்கேறிச் செத்தோம். நம் ஊரில் பழைய இரும்புக்காரன் பேரீச்சம்பழம் கொடுப்பான் என்பது சேர்மனுக்கு எப்படித் தெரியும்? அவர் என்னைப் பார்த்தார். "பேரீச்சம்பழம் உடம்புக்கு நல்லது என்கிறார் சார்" என்று நான் மொழிபெயர்த்தேன். சேர்மன் முகம் மலர்ந்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி தன்னுடைய இந்தியை எடுத்துவிட்டார். "சார், யே முனாஃபா நஹீன். யே கபாடிவாலா முனாஃபா!"

முனாஃபா என்றால் லாபம். கபாடிவாலா என்றால் டில்லித் தெருக்களில் பழைய சாமான் வாங்குகிறவன். அது சேர்மனுக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் அண்ணாச்சியின் மேஜை மாடிப்படிக்குக் கீழே, பழுதான ஏர்கூலர்களைப் போட்டு வைத்திருந்த அறைக்குப் போயிற்று. அதே வருஷம் மேற்குச் சுரங்கம் பெரிய நஷ்டம் காட்டியது. அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்தச் செலவில் ஜிலேபி வாங்கி அந்தக் கூலர் அறையில் விநியோகித்தார். "வட்டியத் தள்ளிட்டுப் பாத்தா மேக்குச் சுரங்கம் தங்கம்வே!" ஜிலேபியைத் தின்றுவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டோம்.

இதுவரை சிரிப்பு. இனிமேல் நடந்ததில் சிரிக்க ஆட்கள் குறைந்துபோனார்கள்.

மேற்குச் சுரங்கத்தை மூடிவிடுவது என்று மந்திரி காரியாலயத்தில் பேச்சு அடிபட்டது. நஷ்டம் தரும் சுரங்கம், பாலைவனத்து ஓரம், மூடினால் கேட்க நாதியில்லை. சேர்மனுக்குச் சந்தோஷம். மூடிவிட்டால் கம்பெனி முழுவதும் லாபக் கம்பெனி. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அமைச்சகத்தில் அழைத்தார்கள். கேள்வி கேட்பவர் ஓர் இணைச் செயலர் அம்மாள், ஃபைலைத் திறக்காமலே ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பவர் என்று பெயர். பதில் சொல்லக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டுமே? சேர்மன் வேறு வழியில்லாமல் ஏர்கூலர்களுக்கு நடுவிலிருந்து அண்ணாச்சியை வெளியே எடுத்தார். "கேட்டால் மட்டும் பேசு" என்று காரில் ஏறும்போதே உத்தரவு. ஃபைல் தூக்க நான்.

அன்று காலை மதினியும் ஓர் உத்தரவு போட்டிருந்தாள். அவளுடைய தம்பி சுப்பையா கிழக்குச் சுரங்கத்தில் சர்வேயர். பரீட்சை எழுதிச் சேர்ந்தவன். சமீபத்தில்தான் கல்யாணமாகி, பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு போய் அங்கே குடித்தனம் வைத்திருந்தான். "மேக்குச் சுரங்கத்தப் பத்தி என்ன வேணும்னாலும் பேசிட்டு வாங்க. தம்பி இருக்க எடத்தப் பத்தி வாயத் தொறந்திராதீங்க" என்று வாசல் வரை வந்து சொல்லியனுப்பினாளாம். இதைக் காரில் அண்ணாச்சி என்னிடம் சொன்னார். அந்த ஸ்வெட்டருக்குள் அவருக்கு வேர்த்திருந்தது.

கூட்டத்தில் சேர்மன் அரைமணி பேசினார். அம்மாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "கணக்கு அதிகாரி என்ன சொல்கிறார்?" என்றாள். அண்ணாச்சி எழுந்தார். அவருடைய ஆங்கிலத்தில் தாமிரபரணி ஓடும். ஆகையால் தமிழிலேயே தருகிறேன்.

"அம்மா, கீழ ஒங்க வாசல்ல ஒருத்தன் டீ விக்கான். பால், சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் போக அவன் கையில காசு மிஞ்சுது. அவன் மாமனார் வந்து, பெருசா ஒரு பிரிட்ஜ் வாங்கிப் போடுன்னு சொல்லிக் கடன் வாங்க வச்சிட்டாரு. இப்ப அந்த வட்டியக் கட்டுனா நஷ்டம். அதுக்காகக் கடைய மூடுனா? கடன் போயிருமா? போகாது. வட்டியில பாதியையாவது கட்டிக்கிட்டிருந்த டீக்கடைதான் போகும்."

"இதில் மாமனார் யார்?" என்றாள் அம்மாள்.

அண்ணாச்சி சற்றும் யோசிக்காமல், "நீங்கதாம்மா" என்றார். "மேக்குச் சுரங்கத்துக்குக் கடன் வாங்கி, தாது கொண்டு போக ரோப்வே போடணும்னு உத்தரவு இந்தக் கட்டடத்துலருந்துதான் வந்துது. சுரங்கத்துக்காரன் கேக்கல. தேய்மானத்தக் கூடக் கழிச்சுப் பாத்துட்டேன். தோண்டுத செலவுக்கு மேல அரைப்பங்கு கூடுதலா வருமானம் வருது."

சேர்மன் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நல்லது. இதே அளவுகோலால் கிழக்குச் சுரங்கத்தை அளந்தால்?" என்றாள்.

மேஜைக்கு அடியில் சேர்மனின் பூட்ஸ் அண்ணாச்சியின் காலைத் தேடியது. அவசரத்தில் என் காலை மிதித்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உட்காரும் ஐயா, 'பார்த்துச் சொல்கிறேன்' என்று ஒரு வார்த்தை போதும், டில்லியில் பாதி சர்க்கார் அந்த வார்த்தையில்தான் நடக்கிறது என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"கிழக்குச் சுரங்கம் வெறும் பொந்தும்மா" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. "தாது ஆழத்துக்குப் போயிட்டுது. தோண்டுத செலவுல முக்கால்வாசிதான் வித்தா வருது. லாபம்னு காட்டுனது பழைய இரும்பும் பாங்கு வட்டியும். என் மச்சினன் அங்கதான் வேலை பாக்கான். ஆனாலும் அதான் கணக்கு."

மச்சினன் செய்தியை யார் கேட்டார்கள்? கூட்டக் குறிப்பில் அதையும் எழுதட்டுமா என்று தெரியாமல் குமாஸ்தா விழித்தான். இப்படி ஓர் அசடை நான் என் ஆயுளில் கண்டதில்லை.

மேற்குச் சுரங்கம் பிழைத்தது. கிழக்கே தோண்டுவது நிறுத்தப்பட்டது. ஆட்களைப் படிப்படியாக மேற்கே மாற்றுவது என்று உத்தரவாயிற்று. அடுத்த ஆண்டு விழாவில், 'மேற்குச் சுரங்கத்தைக் காப்பாற்றிய என் தீர்க்கதரிசனம்' என்று சேர்மன் உருக்கமாகப் பேசினார். கை தட்டினோம். அண்ணாச்சி ஏர்கூலர்களுடனேயே இருந்தார். பதவி உயர்வுக்கான வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

சுப்பையா, மாற்றல் உத்தரவு கைக்கு வரும்வரை, பெண்டாட்டியோடும் ட்ரங்க் பெட்டிகளோடும் லக்ஷ்மிபாய் நகருக்கு வந்து இறங்கினான். வீட்டில் இருந்த ஒரே சோபா அவனுடைய படுக்கை. "அத்தான், பொந்துன்னு சொன்னேளாமே? அங்கதான் நான் ரோஜாச்செடி வச்சிருந்தேன்" என்று தினமும் ஒரு தடவை சொல்லுவான். அண்ணாச்சி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்ளுவார்.

மதினி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சமையல் குறையவில்லை, பேச்சு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தகவல் இலாகாவை நான் நடத்தினேன். அவர் எனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "தம்பி, சோறு போதுமான்னு கேளுங்க" என்பாள். நான் கேட்பேன். "போதும்னு சொல்லும்வே" என்பார். நான் சொல்லுவேன். இப்படியே குளிர்காலம் முழுவதும் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம்தான் அவருடைய ஜூனியர் ஒருவன் கார் வைத்த அதிகாரியாகியிருந்தான். "உங்களுக்குப் பைத்தியம்தான் அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன். "அளவுகோலாம், அளவுகோல்! சேர்மனுக்கு மாலை, ஜூனியருக்குக் கார், உங்களுக்குக் கூலர். பிழைக்கத் தெரியாத ஜன்மம். ஆபீஸே உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது."

அண்ணாச்சி தலையை ஆட்டக்கூட இல்லை. சமையலறையிலிருந்து மதினி கரண்டியோடு வந்தாள்.

"தம்பி, நிறுத்துங்க. அவியள நான் சொல்லலாம். நான் கழுத்த நீட்டுனவ. எங்க தம்பி சொல்லலாம், அவன் வீடு போச்சு. நீங்க யாரு சொல்லுததுக்கு? மேக்க எத்தன வீட்டுல அடுப்பெரியுதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்றவள், மூச்சு விடாமல் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒருத்தர் வாய்க்கு வந்தபடி பேசும்போது பேயறைஞ்சாப்புல உக்காந்திருக்கேளே! கையத் தள்ளுங்க, ரசம் ஊத்துதேன்."

அண்ணாச்சி கையை நகர்த்தினார். ரசம் விழுந்தது. சோபாவில் படுத்திருந்த சுப்பையா எழுந்து உட்கார்ந்தான். எனக்கு அன்று மோர் கிடைக்கவில்லை.

சுப்பையா பிறகு மேற்கே போனான். முதலில் தண்ணீர் இல்லை, மணல் பறக்கிறது என்று அழுதான். பிறகு அங்கேயே மேல் சர்வேயரானான், குழந்தை பிறந்தது. அதற்கு ரோஜா என்று பெயர் வைத்து, காது குத்த டில்லிக்கு எடுத்து வந்து அண்ணாச்சியின் மடியில் உட்காரவைத்தான்.

எண்பதுகளின் நடுவில் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். பிரிவுபசாரக் கூட்டத்தில் அவரை ஒன்றரை நிமிஷம் புகழ்ந்துவிட்டு, சமோசாவுக்கு மூன்று மடங்கு நேரம் ஒதுக்கினார்கள். ஊருக்குப் புறப்பட்ட அன்று காலை டில்லியை மூடுபனி முழுங்கியிருந்தது. ரயில் வருமா என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் ஒவ்வொருவராக, "டூட்டி இருக்கு" என்று நழுவினார்கள். மதினி பொட்டலத்தைப் பிரித்து இட்லியில் எனக்குப் பாதி கொடுத்தாள். "நீரும் போம்வே, எதுக்கு நிக்கீரு?" என்று அண்ணாச்சி விரட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் கடைசியாக, போர்ட்டர் கூலி நியாயமா அநியாயமா என்று சண்டை போட்டோம்.

மத்தியானம் போல ரயில் வந்து, கிளம்பியது. ஜன்னல் கம்பிக்கு வெளியே அண்ணாச்சியின் கை நீண்டது. பனி அவருடைய மூக்குக் கண்ணாடியை வெளுக்க அடித்திருந்தது. எனக்குச் சற்றுத் தள்ளி நின்ற யாரோ ஒரு மப்ளர் ஆசாமியைப் பார்த்துத்தான் அவர் அவ்வளவு பாசத்தோடு கையை ஆட்டிக்கொண்டு போனார். சொல்லித் திருத்த நேரமில்லை. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, அந்த மப்ளர் ஆசாமிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.